அக்கோலேட் செர்ரி: 7.5 மீட்டர் அகலத் தோட்டம், லண்டன் களிமண். எங்கே, எப்படி நடுவது?

வேலியோரம் (கேள்வி)

வணக்கம். வடமேற்கு லண்டன், ஹாரோ. 1930களில் கட்டிய ஜோடி வீடு. பின்தோட்டம் வீட்டுச் சுவரிலிருந்து 16 மீட்டர் நீளம், 7.5 மீட்டர் அகலம், நல்ல வெயில். மண் சுத்தக் களி. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கடைசி 5 மீட்டரில் கால் வைத்தால் சொதசொதவென்று இருக்கும். ஜூலையில் அதே இடம் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும்.

பூவுக்காக வளர்க்கும் 'அக்கோலேட்' செர்ரி வைக்க ஆசை. நர்சரியில் இரண்டு விதமாகக் கிடைக்கிறது. ஒன்று, 12 லிட்டர் தொட்டியில் 1.5 மீட்டர் கன்று. அடியிலேயே ஒட்டுப் போட்டது, அட்டையில் வேர்ச்செடி, அதாவது ஒட்டுக்குக் கீழே வேராக நிற்கும் செடி, 'கோல்ட்' என்று இருக்கிறது. இன்னொன்று, தண்டுச் சுற்றளவு 8–10 செ.மீ. உள்ள பெரிய கன்று. தலையில், 1.8 மீட்டர் உயரத்தில் ஒட்டுப் போட்டது. வேர்ச்செடி பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

பின்மூலையில் வேலியை ஒட்டி, வேலியிலிருந்து 1 மீட்டர் தள்ளி வைக்கலாம் என்பது திட்டம். இடம் போதுமா? களிமண்ணில் குழி எப்படி எடுப்பது? எந்தக் கன்று நல்லது? பக்கத்து வீட்டுச் செர்ரி பிசின் வடிந்து பட்டுப்போயிருக்கிறது, அதனால் நோய் பற்றியும் சொல்லுங்கள்.

ஒட்டுக்கத்தி

மரம் சரி, மூலை தப்பு.

அக்கோலேடை வாங்குபவர்கள் உயரத்தை மட்டும் பார்க்கிறார்கள். இந்த மரத்தில் பார்க்க வேண்டியது அகலம். சார்ஜென்ட் செர்ரிக்கும் சுபிர்டெல்லா செர்ரிக்கும் பிறந்த கலப்பு இது. சர்ரேயிலிருந்த நாப் ஹில் நர்சரியில் உருவானது. 1952இல் ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டியின் விருது வாங்கியது. சார்ஜென்ட் பக்கமிருந்து இலையுதிர்கால ஆரஞ்சு-சிவப்பு நிறம் வந்தது. சுபிர்டெல்லா பக்கமிருந்து மெல்லிய கிளையும் சீக்கிரம் பூக்கிற குணமும். கிளைகள் குடை விரித்த மாதிரி பக்கவாட்டில் போய் நுனியில் தொங்கும். நல்ல மண்ணில் 20, 25 வருஷத்தில் 8 மீட்டர் உயரம், கிட்டத்தட்ட அதே அகலம். மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கத்தில் பூக்கும். மொட்டு அடர் ரோஸ், விரிந்ததும் வெளிர் ரோஸ். 12–15 இதழ் உள்ள பூ, 4 செ.மீ. குறுக்களவு, மும்மூன்றாகத் தொங்கும். இலை வருவதற்கு முன்னால் பூ வந்துவிடுவதால் மரமே பூவாகத்தான் தெரியும்.

8 மீட்டர் விரியும் மரத்தை வேலிக்கு 1 மீட்டரில் நட்டால் பாதிக் குடை பக்கத்து வீட்டில் இருக்கும். இங்கிலாந்தில் எல்லையைத் தாண்டி வரும் கிளையை எல்லைக்கோடு வரை வெட்ட அண்டைவீட்டாருக்கு உரிமை உண்டு. எந்த மாதத்தில் வெட்டுவது என்று அவர்கள் உங்களைக் கேட்க வேண்டியதில்லை. நவம்பரில் ஒருநாள் ரம்பம் போட்டு மொட்டையடித்தால், சில்வர் லீஃப் நோய்க்குக் கதவைத் திறந்துவிட்ட மாதிரி. ஒருபக்கம் வெட்டுப்பட்ட அக்கோலேட் பழைய வடிவத்துக்குத் திரும்பவே திரும்பாது.

வைப்பதானால் நட்டநடுவில் வையுங்கள். இரு பக்க வேலிக்கும் 3.75 மீட்டர், வீட்டிலிருந்து 10 மீட்டர், பின்வேலிக்கு 6 மீட்டர். நுனிகள் மட்டும் வேலியைத் தொடும், அதைக் கோடையில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திக்கொள்ளலாம். தோட்டத்தின் ஆள் அந்த மரம்தான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். நடுவில் புல்வெளி வேண்டும், ஓரத்தில் அக்கோலேடும் வேண்டும் என்றால் 7.5 மீட்டரில் நடக்காது.

களிமண்கை

நடுவில் வைப்பதோடு ஒத்துப்போகிறேன். ஆனால் வீட்டுத் தூரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. லண்டன் களி நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். 1930களின் வீடுகளுக்குப் பெரும்பாலும் அஸ்திவார ஆழம் ஒரு மீட்டருக்கும் குறைவு. செர்ரி நடுத்தர அளவில் நீர் உறிஞ்சும் மரம் என்றுதான் கட்டுமான விதிகளில் வகைப்படுத்துவார்கள். வில்லோ, பாப்லர், ஓக் போல ஆபத்தானது இல்லை. ஆனாலும் மேலோட்டமாக வேர் ஓடுகிற ஜாதி. 10 மீட்டர் தள்ளி என்றால் எனக்கு நிம்மதி. 6 மீட்டருக்குள் இந்த மண்ணில் நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். வீட்டுக் காப்பீட்டில் மரம் பற்றிய கேள்வி இருக்கும், அதையும் ஒருமுறை படித்துவிடுங்கள். மழைநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய் எங்கே ஓடுகிறது என்று தெரியாமல் கடப்பாரை போட வேண்டாம்.

இப்போது மண். முதலில் சோதனை. நடப்போகும் இடத்தில் 30 செ.மீ. அகலம், 40 செ.மீ. ஆழத்தில் ஒரு குழி. வாய்வரை தண்ணீர் ஊற்றி முழுக்க வடிய விடுங்கள். திரும்பவும் நிரப்பி, ஒரு குச்சியை நட்டு மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். மணிக்கு 2.5 செ.மீ.க்கு மேல் என்றால் சமதரையில் நடலாம். அதற்குக் கீழே என்றால் மேடு கட்டித்தான் நட வேண்டும். இதை ஜனவரியில் செய்தால்தான் உண்மை தெரியும். ஆகஸ்டில் வெடிப்பு வழியாகத் தண்ணீர் ஓடிவிடும். மண் நல்ல மண் மாதிரி நடிக்கும்.

மேடு என்றால் பூந்தொட்டி மாதிரி குவிப்பது இல்லை. 2 மீட்டர் குறுக்களவு, நடுவில் 25 செ.மீ. உயரம், ஓரம் மெல்லச் சரிந்து தரையோடு சேர வேண்டும். இதற்கு 400 லிட்டர் மேல்மண் வேண்டும், அமுங்குவதற்குச் சேர்த்து 450 என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பல்க் பேக் ஒன்று வாங்கினால் போதும், கொஞ்சம் மிஞ்சும். போடுவதற்கு முன் கீழுள்ள புல்லைச் செதுக்கி எடுத்துவிட்டு, களியை ஃபோர்க்கால் 20 செ.மீ. ஆழத்துக்குக் குத்தி நெம்பிவிடுங்கள். புரட்ட வேண்டாம்; விரிசல் விட்டால் போதும். மேல்மண்ணுக்கும் களிக்கும் நடுவில் வழவழப்பான தளம் இருந்தால் வேர் அங்கேயே திரும்பிப் படுத்துக்கொள்ளும்.

சமதரையில் நடலாம் என்று சோதனை சொன்னால்: குழி சதுரமாக இருக்கட்டும். அகலம் வேர்மண் உருண்டையைப் போல மூன்று மடங்கு, ஆழம் உருண்டையின் உயரம் மட்டுமே, ஒரு செ.மீ. கூட அதிகம் வேண்டாம். வட்டக் குழியில், அதுவும் மண்வெட்டி வழித்த களிச் சுவரில், வேர் பானைக்குள் சுற்றுவது போலவே சுற்றும். சதுரக் குழியின் மூலைகளில் முட்டி வெளியே புகும். சுவரையும் ஃபோர்க்கால் குத்திச் சொரசொரப்பாக்குங்கள். அடியை ஆழமாகக் கிளறினால் ஒரு வருஷத்தில் அமுங்கி மரம் 5, 6 செ.மீ. கீழே போய்விடும். ஆழமாக நட்டது போலவே ஆகும்.

வேலியோரம்

மிக்க நன்றி. நடுவில் வைப்பதாக முடிவு செய்துவிட்டேன். ஏற்கெனவே 50 லிட்டர் கம்போஸ்ட் மூட்டை நாலு வாங்கி வைத்திருக்கிறேன். அதைக் குழியில் கலக்கலாமா? தலையில் ஒட்டுப் போட்டதா, அடியில் ஒட்டுப் போட்டதா என்பதற்கும் சொல்லுங்கள்.

களிமண்கை

குழிக்குள் கம்போஸ்ட் வேண்டாம். ஊரில் தென்னங்கன்றுக்குக் குழி நிறைய எரு போட்டுப் பழகிய கைக்கு இது கஷ்டம்தான், ஆனால் களியில் அந்தக் கணக்கு உதவாது. சுற்றிலும் தண்ணீர் வடியாத களி, நடுவில் பஞ்சு மாதிரி கம்போஸ்ட் என்றால், மழைத் தண்ணீர் எல்லாம் அந்தக் குழிக்குள் வந்து தேங்கும். குளிர்காலத்தில் வேர் மூச்சு முட்டி அழுகும், ஃபைட்டோஃப்தோரா என்ற வேரழுகல் நோய் பிடிக்கும். கோடையில் அதே கம்போஸ்ட் சுருங்கி வேரைச் சுற்றி இடைவெளி விடும். எடுத்த களியையே கட்டி உடைத்துத் திரும்பப் போடுங்கள். ஈரக் களியை மிதிக்காதீர்கள். கையால் அமுக்கி, தண்ணீர் ஊற்றிப் படிய விட்டால் போதும்.

நாலு மூட்டையும் வீணில்லை. மரத்தைச் சுற்றி 1 மீட்டர் குறுக்களவுக்கு 7 செ.மீ. கனத்தில் மூடாக்குப் போட 55 லிட்டர் ஆகும். அடிமரத்திலிருந்து 10 செ.மீ. சுற்றிலும் வெறுமையாக விடுங்கள். மீதியை அடுத்தடுத்த வருஷம் பிப்ரவரி, மார்ச்சில் போடலாம். மரப்பட்டைத் தூள் கிடைத்தால் அது இன்னும் நல்லது, சீக்கிரம் கரையாது.

ஒட்டுக்கத்தி

அடி ஒட்டு வாங்குங்கள். காரணம் சொல்கிறேன்.

தலையில் ஒட்டுப் போட்ட மரத்தில் 1.8 மீட்டர் வரை இருக்கிற தண்டு அக்கோலேட் இல்லை. பெரும்பாலும் காட்டுச் செர்ரி, ஏவியம். அது வேகமாகப் பெருக்கும். பத்துப் பதினைந்து வருஷத்தில் கீழே தடித்த ஒரு தூண், மேலே மெல்லிய இன்னொரு மரம், நடுவில் மொத்தையாக ஒரு கழுத்து. பார்க்க அசிங்கம் என்பதோடு, எல்லாக் கிளையும் ஒரே புள்ளியிலிருந்து கிளம்புவதால் கவட்டைகளில் தண்ணீர் தங்கும், பட்டை உள்ளே மடிந்து மாட்டிக்கொள்ளும், பெருங்காற்றில் பிளக்கும். அழுமரம் போலத் தொங்கவிடும் ரகங்களுக்குத் தலை ஒட்டு அவசியம். அக்கோலேடுக்கு அவசியமே இல்லை.

கோல்ட் என்பது கென்ட்டிலுள்ள ஈஸ்ட் மாலிங் ஆய்வு நிலையம் தந்த வேர்ச்செடி. அதுவும் ஒரு கலப்புதான், ஏவியமும் சீனச் செர்ரியான சூடோசெராசஸும். ஏவியம் நாற்றில் ஒட்டியதைவிட மரம் கொஞ்சம் அடக்கமாக வளரும், வேரிலிருந்து துளிர் கிளம்புவதும் குறைவு. கனமான மண்ணில் நன்றாகவே போகும். குறை என்றால் வறட்சியைத் தாங்காது. முதல் இரண்டு கோடையில் தண்ணீர் தவறினால் உடனே முகம் சுண்டும். வேர்க்கழுத்தில் கிரவுன் கால் என்ற கட்டியும் வரலாம், அதனால் வாங்கும்போதே அந்த இடத்தில் முண்டு முடிச்சு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். ஜிசெலா 5 போன்ற குட்டை வேர்ச்செடிகள் பழச் செர்ரிக்கானவை. அழகு மரத்துக்கு அதைத் தேட வேண்டாம், ஆயுசு முழுக்க முட்டுக்கொம்பு வேண்டியிருக்கும்.

நர்சரியில் பார்க்க வேண்டியது இன்னும் இரண்டு. தொட்டியிலிருந்து மெல்ல உருவிப் பார்க்கக் கேளுங்கள், நல்ல நர்சரி மறுக்காது. வெளிச்சுவரை ஒட்டி பென்சில் தடிமனில் வேர் சுற்றியிருந்தால் விட்டுவிடுங்கள். சன்ன வேர் சுற்றியிருந்தால் பரவாயில்லை, நடும்போது நாலு பக்கமும் 2 செ.மீ. செதுக்கிவிடலாம். இரண்டாவது, வேர்க்கழுத்து, அதாவது அடிமரம் அகன்று வேராக மாறும் இடம். தொட்டிக் கன்றுகளில் அது பல சமயம் கம்போஸ்டுக்குள் 3 முதல் 8 செ.மீ. புதைந்து கிடக்கும். நடும்போது விரலால் தோண்டி அதைக் கண்டுபிடித்து, அந்த இடம்தான் தரைமட்டம் என்று வைக்க வேண்டும். கம்போஸ்டின் மேல்பரப்பைத் தரைமட்டம் என்று நினைத்தால் நட்ட நாளிலேயே மரம் புதைந்துவிடும். செர்ரி அதை மன்னிக்காது. மூன்று, நாலு வருஷம் ஒன்றும் தெரியாது. அப்புறம் இலை சிறுத்து, ஒரு கிளை ஒரு கிளையாகக் காயும். என்ன வியாதி என்று எல்லோரும் மேலேயே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

நவம்பர் முதல் மார்ச் வரை வெற்று வேர்க் கன்றும் கிடைக்கும். விலை குறைவு, வேரைக் கண்ணால் பார்த்து வாங்கலாம், களியில் தொட்டிக் கன்றைவிடச் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். வேர் காற்றில் அரைமணி நேரம் காய்ந்தால்கூடக் கெடுதல், ஈரச் சாக்கு போர்த்தியே வைத்திருங்கள்.

களிமண்கை

மேலே சொன்னதில் ஒரு மாற்றுக்கருத்து. 7.5 மீட்டர் அகலத்துக்கு அக்கோலேட்தான் வேண்டுமா என்று இன்னொரு தடவை யோசிக்கலாம். 'ஹேலி ஜோலிவெட்' என்று ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் ஆர்னால்ட் ஆர்போரீட்டம் என்ற மரத்தோட்டத்தில் கார்ல் சாக்ஸ் உருவாக்கி மனைவி பெயரை வைத்தது. சுபிர்டெல்லா, யெடோயென்சிஸ் என்ற இரண்டு செர்ரிகளையும் கலந்து மறுபடி சுபிர்டெல்லாவோடு சேர்த்தார். 5 மீட்டருக்கு மேல் அரிதாகத்தான் போகும், புதர் மாதிரி பல தண்டாக வளரும். வெள்ளையில் ரோஸ் சாயல், மொட்டுகள் ஒரே நாளில் விரியாமல் அடுத்தடுத்து விரிவதால் இரண்டு வாரம் தாண்டியும் பூ இருக்கும். அக்கோலேட் பூக்கும் வாரத்தில் ஒரு மழைக்காற்று அடித்தால் அந்த வருஷக் கணக்கு முடிந்தது.

ஒட்டுக்கத்தி

ஹேலி ஜோலிவெட் நல்ல செடி, ஆனால் மரத்தடியில் நாற்காலி போட முடியாது. அதுதான் விஷயம். அகலம் பயமாக இருந்தால் நான் 'ஒகாமே' பக்கம் போவேன். கென்ட்டில் பெனென்டனில் வாழ்ந்த காலிங்வுட் இங்க்ராம் செய்த கலப்பு, இன்சிசா செர்ரியும் தைவான் பக்கத்துக் கம்பானுலாட்டாவும். மார்ச்சிலேயே பளீரென்ற ரோஸ், சின்னச் சின்ன ஒற்றை அடுக்குப் பூ. இளமையில் நிமிர்ந்து வளரும், அக்கோலேட் போலப் படுக்காது. தேனீக்கும் ஒற்றை அடுக்குப் பூதான் உபயோகம். குறை ஒன்றுதான்: சீக்கிரம் பூப்பதால் பின்பனியில் மாட்டும். விரிந்த பூ மைனஸ் 2 டிகிரியிலேயே கருக ஆரம்பிக்கும், மைனஸ் 4 என்றால் ஏறக்குறைய எல்லாம் போச்சு. மரத்துக்கு ஒன்றும் ஆகாது, அந்த வருஷப் பூ மட்டும் பழுப்பாகும்.

இலைப்புள்ளி

நோய்க்கு வருகிறேன். பக்கத்து வீட்டு மரத்தில் பிசின் வடிந்தது என்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது. செர்ரி எதற்கெடுத்தாலும் பிசின் விடும்: புல்வெட்டும் நைலான் கயிறு பட்டால், வேரில் தண்ணீர் நின்றால், வறட்சி வந்தால். பிசினுக்குக் கீழே பட்டை உள்வாங்கிப் பழுப்பாகச் செத்திருந்தால், வசந்தத்தில் அந்தக் கிளையின் மொட்டு விரியாமலே நின்றால் அல்லது விரிந்த இலை மே மாதத்தில் சுருங்கினால், அது பாக்டீரியா கேன்கர். சூடோமோனாஸ் சிரிங்கே என்ற பாக்டீரியா. இலையுதிர்காலத்தில் இலை விழுந்த தழும்பு வழியாகவும் காயம் வழியாகவும் நுழையும். வசந்தத்தில் இலையில் பழுப்புப் புள்ளி விழுந்து, உதிர்ந்து, குண்டு பாய்ந்த மாதிரி ஓட்டை தெரியும். பழைய புத்தகங்களில் செப்பு மருந்து அடிக்கச் சொல்வார்கள். பிரிட்டனில் வீட்டுத் தோட்டத்துக்கு இப்போது அனுமதியுள்ள செப்பு மருந்து இல்லை. கோடையில் நல்ல பட்டை தெரியும் வரை வெட்டி அகற்றுவது ஒன்றுதான் வழி.

சில்வர் லீஃப் வேறு. இது பூஞ்சை. ஒரு கிளையில் மட்டும் இலை ஈயம் பூசிய மாதிரி வெளுக்கும், அடுத்த வருஷம் அந்தக் கிளை காயும். 2.5 செ.மீ.க்கு மேல் தடித்த கிளையைக் குறுக்கே வெட்டினால் நடுவில் பழுப்புக் கறை தெரியும். கறை முடிந்த இடத்திலிருந்து இன்னும் 15 செ.மீ. உள்ளே தள்ளி வெட்ட வேண்டும். அடிமரத்திலேயே கறை இருந்தால் மரம் போன மாதிரிதான். மரம் முழுக்க ஒரே நேரத்தில் வெளுத்து, உள்ளே கறையும் இல்லை என்றால் அது போலி சில்வர் லீஃப், வறட்சியோ சத்துக்குறைவோ. ரம்பத்தை எடுத்துவிடாதீர்கள், தண்ணீர் ஊற்றுங்கள்.

இந்தப் பூஞ்சையின் வித்துகள் ஈரமான இலையுதிர், குளிர் காலத்தில்தான் அதிகம் பறக்கும். அதனால்தான் செர்ரியை ஆப்பிள் மாதிரி ஜனவரியில் கவாத்து செய்யக் கூடாது. ஜூன் முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை, அடுத்த ஓரிரு நாள் மழை இல்லை என்று பார்த்துச் செய்யுங்கள். கிளை அடியிலுள்ள தடித்த வளையத்தை விட்டு அதற்கு வெளியே வெட்டு விழ வேண்டும், அடிமரத்தோடு வழித்துவிடக் கூடாது. நீட்டிக்கொண்டு முளை மாதிரி விடவும் கூடாது. ஒரு வருஷத்தில் மொத்தக் கிளையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். 5 செ.மீ.க்கு மேல் தடித்த கிளையை வெட்ட வேண்டி வந்தால் அந்தக் காயம் ஆற வருஷங்கள் ஆகும், ஆகையால் சின்ன வயசிலேயே, கட்டைவிரல் தடிமனுக்குள் இருக்கும்போதே, குறுக்கே போகிறதையும் உரசுகிறதையும் எடுத்துவிடுங்கள். காயத்துக்குப் பூச்சு பொதுவாக வேண்டாம் என்பார்கள். பிளம், செர்ரிக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு, வெட்டிய உடனே பூசினால்தான் பலன்.

ஏப்ரல் ஈரமாக இருந்தால் பூக்கள் பழுப்பாகி உதிராமல் கிளையிலேயே ஒட்டிக்கொண்டு, அந்தச் சிறு கிளையும் நுனியிலிருந்து காயும். இது பிளாசம் வில்ட், மோனிலினியா பூஞ்சை. பனியில் கருகிய பூவுக்கும் இதற்கும் வித்தியாசம், பனியில் கிளை சாகாது. காய்ந்ததை வெட்டி எடுத்துவிடுங்கள். விட்டால் பூஞ்சை அதிலேயே தங்கி அடுத்த வசந்தத்தில் மறுபடி கிளம்பும்.

மே, ஜூனில் நுனி இலை சுருண்டு உள்ளே கரும் அசுவினி மொய்க்கும். ஒன்றும் செய்ய வேண்டாம். பொறிவண்டு வந்துவிடும், மரம் வளர்ந்தபின் அதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. பிப்ரவரியில் மொட்டுகள் தரையில் உமியாகக் கிடந்தால் புல்ஃபிஞ்ச் குருவியின் வேலை. சின்ன மரத்துக்கு வலை போடலாம், பெரிய மரத்தில் பங்கு கொடுத்துவிட வேண்டியதுதான்.

பக்கத்து வீட்டு மரம் பட்டுப்போன காரணத்தை முடிந்தால் உறுதி செய்யுங்கள். அடிமரத்தின் பட்டையை உரித்தால் காளான் வாசனையோடு வெள்ளைத் தோல் மாதிரி படலம் இருக்கிறதா? இருந்தால் ஹனி ஃபங்கஸ். அது மண் வழியாகக் கறுப்பு நூல் விட்டு வரும், செர்ரிக்கு அது ஆகாது. அந்த அடிக்கட்டையை வேரோடு எடுக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். எடுக்க முடியாது என்றால் எந்தச் செர்ரியும் அங்கே வேண்டாம்.

மேப்பிள்நிழல்

ரொறன்ரோவிலயிருந்து ஒரு சின்னக் குறிப்பு, இஞ்சையும் கனபேர் அக்கோலேட் பற்றித்தான் கேக்கினம். இஞ்சத்தைய ஹை பார்க் பூங்காவில நிக்கிறது அக்கோலேட் இல்லை, சோமேய்-யொஷினோ. 1959இல ரோக்கியோ மக்கள் சார்பில யப்பான் தூதுவர் குடுத்த 2,000 மரத்தில தொடங்கினது. அதுவும் கலப்புத்தான், தன் மகரந்தத்தில காய்க்காது, ஒட்டிலதான் பெருக்கிறது. உலகமெல்லாம் நிக்கிற மரம் மரபளவில ஒண்டுதான் எண்டபடியால்தான் ஒரு இடத்து மரமெல்லாம் ஒரே கிழமையில வடிவாய்ப் பூக்குது. வீட்டு வளவுக்கு அது பெரிசு. அக்கோலேட் கனடாவில வன்கூவர் வீதியளில நல்லாய் வருது.

எங்கட பக்கக் குளிருக்கு மூண்டு விசயம் வேற. இலையுதிர்காலத்தில நடாதேங்கோ, ஏப்ரல் கடைசி, மே தொடக்கம் நல்லது. முதல் அஞ்சு மாரிக்கு அடிமரத்துக்கு வெள்ளைச் சுருள் காப்புப் போடுங்கோ. பெப்ரவரி வெயில் தென்மேற்குப் பக்கப் பட்டையைச் சூடாக்கும், இரவு உறையும், பட்டை நெடுக வெடிக்கும். முயல் பட்டையை வட்டமாய் அரிச்சால் மரம் செத்துப்போம், அதால காப்பு பனி நிக்கிற மட்டத்துக்கு மேல அரை மீற்றராவது இருக்கோணும். ஏப்ரலில காப்பைக் கழட்ட மறக்காதேங்கோ, உள்ளுக்க ஈரம் நிண்டு புழு பிடிக்கும். வீதிக்கு உப்புப் போடுற பக்கத்தில நடவே வேண்டாம்.

கொங்குமண்

கோயம்புத்தூர்ல வளருமாங்க? ஆன்லைன்ல 'ஜப்பான் செர்ரி விதை' 20 விதை பாக்கெட் விக்கிறாங்க.

ஒட்டுக்கத்தி

வளராதுங்க. பாக்கெட்டும் வாங்காதீங்க. அக்கோலேட் மாதிரிக் கலப்பு ரகம் விதையில் அதேபோல வராது, ஒட்டு மட்டும்தான். இலை உதிர்த்துத் தூங்கின மொட்டு மறுபடி விழிக்க, பல வாரத்துக்குத் தொடர்ந்த குளிர் வேணும். சமவெளியில் அதுக்கு வழியே இல்லை. நம்மூரில் 'செர்ரி மரம்'னு பள்ளிக்கூட வாசலில் நிற்கிறது அமெரிக்க வெப்பமண்டலத்துத் தேன்பழம், இதோட சொந்தமே இல்லை. பெங்களூரில் ரோஸ் நிறத்தில் பூத்து 'செர்ரி பிளாசம்'னு படம் வருவது டபேபுயா. அந்தக் காட்சிதான் வேணும்னா உங்க மண்ணுக்கு டபேபுயா ரோசியாவே சரி. ஷில்லாங்கில் நவம்பரில் பூக்கிறது மட்டும் உண்மையான செர்ரி, இமயமலைக் காட்டுச் செர்ரி. ஊட்டி, கொடைக்கானலில் பிளம், பீச் வருகிற தோட்டம் இருந்தால் அதை முயற்சி செய்து பார்க்கலாம்.

வேலியோரம்

எல்லோருக்கும் நன்றி. அக்கோலேட், கோல்ட் வேர்ச்செடி, அடி ஒட்டு, நடுத்தோட்டம். ஜனவரியில் குழிச் சோதனை செய்துவிட்டு பிப்ரவரியில் நடப்போகிறேன். தண்ணீர், உரம், முட்டுக்கொம்பு அளவு சொல்லுங்கள். மரத்தடியில் ஏதாவது வைக்கலாமா?

களிமண்கை

தண்ணீர்: முதல் இரண்டு கோடைக்கு, ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, நல்ல மழை இல்லாத ஒவ்வொரு வாரமும் 20–30 லிட்டர், அதாவது 10 லிட்டர் பூவாளியில் இரண்டு, மூன்று. தினம் கொஞ்சம் ஊற்றினால் வேர் மேலேயே நிற்கும். ஊற்றுவதற்கு முன் மூடாக்கை விலக்கி விரலை 5 செ.மீ. விட்டுப் பாருங்கள், பிசுபிசுவென்று ஒட்டினால் அந்த வாரம் வேண்டாம். மேட்டில் நட்டது வேகமாகக் காயும், அதற்கு ஒரு பூவாளி கூடுதலாக ஊற்றுங்கள்.

உரம் முதல் வருஷம் கிடையாது. இரண்டாம் வருஷத்திலிருந்து வளர்ச்சி மந்தமாக இருந்தால் மட்டும், மார்ச்சில் பொது உரம் சதுர மீட்டருக்கு 70 கிராம். தழைச்சத்து அதிகமானால் கிளை சதசதவென்று வளர்ந்து கேன்கருக்கு வாகாகிவிடும். புல்லை மரத்திலிருந்து அரை மீட்டர் சுற்றிலும் மூன்று வருஷத்துக்கு அண்டவிடாதீர்கள்.

மரத்தடியில் ஸ்னோடிராப், சைக்லமென் கோவம், சைபீரியன் ஸ்கில்லா மாதிரிச் சின்னக் கிழங்குகள் நன்றாக இருக்கும். ஸ்னோடிராப்பைப் பூ முடிந்த கையோடு, இலை பச்சையாக இருக்கும்போதே நடலாம். ஸ்கில்லா கிழங்கு செப்டம்பரில். முதல் வருஷத்திலேயே வைத்து முடித்துவிடுங்கள். பின்னால் மண்வெட்டி போட்டால் மேலோட்டமான வேர் வெட்டுப்படும், வெட்டுப்பட்ட இடத்திலிருந்து வேர்ச்செடித் துளிர் கிளம்பும். அப்படி ஒன்று வந்தால் கத்தரியால் வெட்டாதீர்கள், ஒன்று இரண்டாகும். மண்ணை விலக்கி, கிளம்பும் இடத்திலிருந்து வெடுக்கென்று பிய்த்தெடுங்கள்.

ஒட்டுக்கத்தி

முட்டுக்கொம்பு: 1.5 மீட்டர் கன்றுக்குத் தரைக்கு மேல் 50 செ.மீ. தெரிந்தால் போதும், கட்டும் அந்த உயரத்தில்தான். மேல்பகுதி காற்றில் ஆட வேண்டும், ஆடினால்தான் அடிமரம் தடிக்கும். தொட்டிக் கன்றுக்குக் கொம்பை 45 டிகிரி சாய்த்து, அடிக்கும் காற்றைப் பார்த்து, வேர்மண் உருண்டைக்கு வெளியிலிருந்து அடியுங்கள். வெற்று வேர்க் கன்று என்றால் நேர்க்கொம்பு, மரத்தைக் குழியில் வைப்பதற்கு முன்பே அடித்துவிட வேண்டும். அகலமான ரப்பர் பட்டை, நடுவில் ஒரு திண்டு. ஜூனிலும் செப்டம்பரிலும் கட்டைத் தளர்த்துங்கள், இறுகினால் பட்டைக்குள் புதைந்துவிடும். இரண்டாவது வசந்தத்தில் கட்டை அவிழ்த்துவிட்டு மரத்தைக் கையால் ஆட்டிப் பாருங்கள். அடியில் மண் அசையாமல் தண்டு மட்டும் வளைந்தால் கொம்பை எடுத்துவிடலாம்.